எலி புகாத பேலட்

786
கடைத்தெரு, கோடைக்கானல்
8-8-1961

மாப்பிள்ளை கிபாயத்துல்லா அவர்களுக்கு, ஜலாலுதீன் சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் வீட்டில் ரஹ்மத் பீவியும் குளிரில் விறைத்தபடி நலம். தூத்துக்குடியில் நீங்களும் தங்கை சர்புன்னிசாவும் குழந்தை நஜீமாவும் வெயிலில் வெந்தபடி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்பவும் எழுதுவது என்னவென்றால், உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்து, கடைக் கணக்குப்பிள்ளை பொன்னுச்சாமியிடம் கொடுத்து அவரும் ஒரு தடவை படித்து, மூன்று தடவைக்கும் விளங்கவில்லை. பூண்டை மூட்டையாக அனுப்பினால் கொழும்பு வியாபாரி வாங்க மாட்டாராம். 'பேலட்' என்கிற மரச் சாமானில் அடுக்கிக் கட்டி அனுப்பினால்தான் வாங்குவாராம். எங்கள் அத்தா காலத்திலிருந்து இந்த மலையில் பூண்டு மட்டக்குதிரையில் இறங்கியிருக்கிறது, லாரியில் இறங்கியிருக்கிறது, மனுஷர் தலையில் இறங்கியிருக்கிறது. உட்கார ஆசனம் கேட்டதே இல்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. பூம்பாறை வேலப்பனும் அவர் ஊர்க்காரர் ஐந்து பேரும் எழுபது மூட்டையை என்னை நம்பி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலங்காலமாக ஒட்டன்சத்திரம் மண்டியில் போட்டுவிட்டு, கமிஷன்காரர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு மலையேறுகிறவர்கள். கப்பலில் அனுப்பித் தருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். நீங்கள் கப்பல் ஏஜண்டு ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிற தைரியம்தான். இது ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் அடுத்த வெள்ளாமைக்கு ஒருவரும் என் கடைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே விளங்கும்படி எழுதவும்.

சர்புன்னிசா வழக்கமாக உங்கள் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதுவாள். இந்த முறை காணோமே, ஏன்?

துஆவுடன்,
ஜலாலுதீன்


786
தூத்துக்குடி
17-8-1961

மரியாதைக்குரிய மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகம். நஜீமாவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது.

பேலட் என்பது பெரிய வித்தை இல்லை. மேலே ஒரு பலகைத் தளம், கீழே ஒரு பலகைத் தளம், நடுவில் கட்டைகள். கட்டைகளுக்கு இடையில் சந்து இருக்கும். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு வண்டி இருக்கிறது. முன்னால் யானைத் தந்தம் மாதிரி இரண்டு இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தந்தம் சந்தில் நுழைந்து, ஐந்து மூட்டையையும் பேலட்டோடு தூக்கிக்கொண்டு போய்விடும். கூலியாள் கொக்கியால் குத்தி மூட்டையைக் கிழிக்கிற சோலி இல்லை.

புதிய பேலட் செய்ய வேண்டாம், கட்டுபடியாகாது. வெளிநாட்டுக் கப்பல்களில் வந்து இங்கே தங்கிவிடுகிற பழைய பேலட்டுகள் உண்டு. உடைந்த பலகையை மாற்றி, ஆணி இறுக்கி எடுத்தால் புதியதற்கு ஒன்றும் குறைந்ததில்லை. நல்லதாகப் பதினைந்து பார்த்து லாரியில் அனுப்புகிறேன். பதினான்கு போதும், ஒன்று உபரி. அங்கேயே மூட்டையை அடுக்கிக் கயிறு போட்டு அனுப்பிவிடுங்கள். அக்டோபர் முதல் வாரம் கப்பல்.

இனிமேல் ஆபீஸ் விலாசத்துக்கு எழுத வேண்டாம். அங்கே தபால் தாமதமாகிறது. வீட்டுக்கே எழுதுங்கள்.

தங்கள்,
கிபாயத்துல்லா


786
கோடைக்கானல்
5-9-1961

மாப்பிள்ளைக்கு, சலாம். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

உங்கள் பேலட்டுகள் வந்து சேர்ந்தன. நான் ஊர்ச் சிரிப்புக்கு ஆளானேன். பதினைந்தில் மூன்றில் கருவாட்டு நாற்றம். கடைக்கு வந்த மிஷன் பள்ளி துரைசானி அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு போய்விட்டார். இன்னொன்றில் ஏதோ பாஷையில் எழுதி, மண்டையோடும் எலும்பும் படம் போட்டிருக்கிறது. அதில் விஷ மருந்து வந்ததோ என்னவோ! திங்கிற பூண்டை அதன் மேல் வைக்கச் சொல்கிறீர்களா? மிச்சத்தில் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு நிறம். பொன்னுச்சாமி, "இது என்னங்க, கால் ஒடைஞ்ச கட்டிலுகளா?" என்று கேட்கிறார். 'நல்லதாகப் பார்த்து' என்று எழுதினீர்களே, கண்ணைத் திறந்துகொண்டுதான் பார்த்தீர்களா?

இன்னொன்று. உங்கள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று எங்கள் வீட்டில் பெருமை. போன கடிதத்தில் கோழி கிண்டியது மாதிரி கிடக்கிறது. என்ன அவசரம்?

வேலப்பன் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து தட்டினார். சந்துக்குள் கையை விட்டு அளந்துவிட்டுப் போனார். அவர் எதையாவது அளந்தால் அதற்கு ஒரு வைத்தியம் செய்யாமல் விட மாட்டார்.

எல்லோருக்கும் சலாம். சர்புன்னிசாவின் இரண்டு வரி இந்த முறையும் இல்லை.

ஜலாலுதீன்


786
தூத்துக்குடி
13-9-1961

மச்சானுக்கு, அல்லாஹ்வின் கிருபையால் நலம்.

மண்டையோட்டுப் பேலட் என் தவறு. எப்படியோ கலந்துவிட்டது. அதை உபயோகிக்க வேண்டாம், அடுப்பிலும் வைக்க வேண்டாம், அந்தப் புகை ஆகாது. ஒதுக்குப்புறமாகப் போட்டு வையுங்கள். கருவாட்டு நாற்றத்துக்குச் சாம்பல் போட்டுத் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் காய வைத்தால் போய்விடும். உங்கள் ஊரில் வெயில் எங்கே என்று கேட்பீர்கள். வருகிற அன்றைக்கு வையுங்கள்.

கையில் ஆணி கிழித்துவிட்டது. அதனால்தான் எழுத்து கோணல். வேறொன்றுமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேலட்டில் யாரும் கை வைக்க வேண்டாம். பலகையைக் கழற்றுவது, அறுப்பது, ஒட்டுப் போடுவது எதுவும் கூடாது. இருக்கிறபடியே அனுப்புங்கள்.

தங்கள்,
கிபாயத்துல்லா


786
தூத்துக்குடி
7-10-1961

மச்சான் அவர்களுக்கு, சலாம்.

நலம் என்று எழுத மனமில்லை. 'கை வைக்க வேண்டாம்' என்று எழுதினேனா, இல்லையா?

உங்கள் லாரி வந்தது. பதினான்கு பேலட், எழுபது மூட்டை, கயிறு பிரமாதமாகப் போட்டிருக்கிறது. ஆனால் நாலு பக்கத்துச் சந்துகளையும் பலகை வைத்து அடைத்து, விரல் நீள ஆணி அறைந்திருக்கிறதே, அது யாருடைய யோசனை? பதினான்கும் அடைப்பு! கொழும்பு வியாபாரியின் ஆள் வந்து பார்த்தார். "தந்தம் எங்கே நுழையும்? உங்கள் தலையிலா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒவ்வொரு மூட்டையாக இறக்கி, ஒவ்வொரு பலகையாக உளி வைத்து நானே பெயர்த்தேன். முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. அடுத்தது நவம்பரில். அதுவரை சரக்கு துறைமுகக் கொட்டகையில்தான். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கிபாயத்துல்லா


786
கோடைக்கானல்
14-10-1961

மாப்பிள்ளைக்கு, சலாம்.

கோபத்தில் எழுதலாம். கோபப்படுகிற உரிமையை நான் ஒருவனே குத்தகைக்கு எடுக்கவில்லை. ஆனால் குற்றவாளி நான் இல்லை. பழனியில் பெரியம்மா பேரன் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டேன். திரும்பி வருவதற்குள் வேலப்பன் ஆட்களோடு இறங்கி, அடுக்கி, அடைத்து, லாரியையும் ஏற்றி அனுப்பிவிட்டார். பெரிய உபகாரம் செய்த முகத்தோடு கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் கடிதம் வந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏன் ராவுத்தரே, நாலு பக்கமும் பொந்து கெடக்கு. எலி ஏறிக்கிடாதா? அடுப்புக்கு மேல பரண்ல போட்டுப் புகை காட்டி, எலி அண்டாமப் பாத்து வச்ச பூண்டு அது. கொழும்புக்காரன் பூண்டு திங்கணுமா, எலி தின்ன மிச்சத்தத் திங்கணுமா? வெரசாச் சொல்லுங்க!"

தந்தம் வைத்த வண்டியைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப வண்டிக்குத்தான் பொந்து, பூண்டுக்கு இல்லை" என்றார். இந்த மனிதரோடு நான் எப்படி வியாபாரம் செய்வது?

சந்தைக்கு வருகிற பூம்பாறைக்காரர் ஒவ்வொருவரும் கப்பல் என்னாச்சு என்கிறார்கள். இரண்டு பேர் ஒட்டன்சத்திரத்துக்கே போயிருக்கலாம் என்று காதில் விழும்படி பேசுகிறார்கள்.

ஒரு கேள்வி. உளி வைத்து நீங்களே பெயர்த்தீர்களா? துறைமுகத்தில் கூலியாட்கள் செத்தா போய்விட்டார்கள்? ஆணி கிழித்த கை என்று போன மாதம் எழுதினீர்கள். குமாஸ்தாவின் கையில் பேனா குத்தும். ஆணி எங்கிருந்து வந்தது?

ஜலாலுதீன்


786
தூத்துக்குடி
23-10-1961

பிரியமுள்ள அண்ணனுக்கு, தங்கை சர்புன்னிசா எழுதுவது. மச்சியும் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இரண்டு வரி எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதினால் இதுதான் எழுத வரும்.

ஆடி மாதமே ஆபீசில் ஐந்து பேரை நிறுத்திவிட்டார்கள். அதில் அவரும் ஒருவர். வீட்டில் சொல்லவில்லை. இன்றைக்கும் எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தூக்குச்சட்டியில் சோறு வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போவது போலப் போகிறார். சாயங்காலம் தலையெல்லாம் மரத்தூளோடு வருகிறார். நான் கேட்டால் "ரெக்கார்டு ரூமில் தூசி" என்கிறார். நானும் தட்டிவிடுகிறேன். ஆபீஸ் பியூன் வீட்டு அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

உப்பளத்துப் பக்கம் ஒரு கொட்டகை பிடித்து, கப்பலிலிருந்து கழிக்கிற பேலட்டுகளை வாங்கிச் செப்பனிடுகிறார், அண்ணே. ஒரு நாள் நஜீமாவைக் கூட்டிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தேன். சட்டையைக் கழற்றி மடித்து, அதன் மேல் ஒரு பேப்பரைப் போட்டு மூடி வைத்துவிட்டு, பனியனோடு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூப்பிடாமல் வந்துவிட்டேன்.

உங்களுக்கு அனுப்பிய பதினைந்தும்தான் அவருடைய முதல் வேலை. இது கொழும்புக்கு ஒழுங்காகப் போனால் மற்ற வியாபாரிகளும் கேட்பார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பதாக அந்தப் பியூன் வீட்டு அம்மாள் சொன்னார். போகாவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அதன் பிறகு எனக்கு என்ன சொல்வது என்று அவர் தவிப்பதை என்னால் பார்க்க முடியாது.

ஆறுதலாக ஒரு எழுத்துகூட எழுதிவிடாதீர்கள். அவருக்கு ரோஷம் அதிகம். எப்போதும் போலத் திட்டி எழுதுங்கள். உங்களால் முடிந்த உதவி அதுதான்.

உங்கள்,
சர்பு


786
கோடைக்கானல்
3-11-1961

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை கிபாயத்துல்லா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் நலம். தங்கள் நலனுக்கு எப்போதும் துஆ செய்கிறோம்.

கப்பல் விஷயமாக அவசரம் ஒன்றுமில்லை. போகிறபோது போகட்டும். பேலட்டுகள் உண்மையில் நன்றாகவே செய்யப்பட்டிருந்தன. கருவாட்டு நாற்றமும் அவ்வளவாக இல்லை. வேலப்பன் செய்த காரியத்தால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். தங்கள் முயற்சிக்கு நாங்கள் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கைக்கு மருந்து போடவும்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஜலாலுதீன்


786
கோடைக்கானல்
4-12-1961

மாப்பிள்ளைக்கு, சலாம்.

ஒரு மாதமாகிறது. ஒரு கார்டு இல்லை. தூத்துக்குடியில் தபால் நிலையத்தை மூடிவிட்டார்களா? நவம்பர் கப்பல் போனதா, போகவில்லையா? பேப்பரில் தெற்கே கனமழை என்று போட்டிருந்தான். பூண்டு தண்ணீரில் கிடக்கிறதா, தரையில் கிடக்கிறதா, ஒரு வரி எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வேலப்பன் வெள்ளனே வந்து கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிறார். "கப்பல் போச்சா, இல்ல கடலுக்குள்ள கெடக்கா?" என்று கேட்கிறார். நான் டீ வாங்கிக் கொடுக்கிறேன். போன வாரம் அவருடைய மனைவி கருப்பம்மாளும் வந்துவிட்டார். அந்த அம்மாள் கேள்வி கேட்கவில்லை. மூக்குத்தி தெரிய நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேலப்பன் கேள்வியே மேல்.

உடனே பதில் வராவிட்டால் நானே பஸ் ஏறி வந்துவிடுவேன். வந்தால் சும்மா இருக்க மாட்டேன்.

ஜலாலுதீன்


786
தூத்துக்குடி
19-12-1961

என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் வேலப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிறகு இதைப் படிக்கவும்.

நவம்பர் ஒன்பதாம் தேதி மழையில் துறைமுகக் கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்துவிட்டது. தரையில் அடுக்கியிருந்த மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி அத்தனையும் ஊறிப்போயின. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது நம்முடைய எழுபது மூட்டையும் காய்ந்தபடி உட்கார்ந்திருந்தன. தண்ணீர் சந்து வழியாக வந்து, சந்து வழியாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு மூட்டையின் அடிகூட நனையவில்லை. பதினான்காம் தேதிக் கப்பலில் ஏற்றினேன். கொழும்பு வியாபாரியின் கடிதம் நேற்று வந்தது. பூண்டு நன்றாகக் காய்ந்து, புகை வாசனையோடு இருப்பதால் அங்குள்ளவர்களுக்குப் பிடித்துவிட்டதாம். அடுத்த வெள்ளாமைக்கு நூறு மூட்டை கேட்கிறார்.

கொட்டகையில் சரக்கு நனைந்த வியாபாரிகளில் இரண்டு பேர், "இந்தப் பேலட் யார் செய்தது?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

வந்தது என்னிடம்தான். அதை எழுதத்தான் இத்தனை நாள் யோசித்தேன்.

மச்சான், உங்களோடு சம்பந்தம் வைத்து ஒன்பது வருஷமாகிறது. கல்யாணத்தன்றே பந்தலில் மாலை கோணலாகப் போட்டேன் என்று என்னைத் திட்டியவர் நீங்கள். நஜீமா பிறந்ததற்கு வந்த வாழ்த்துக் கடிதத்தில்கூட, தந்தியில் எடையை எழுதவில்லை என்று பாதிப் பக்கம் திட்டு. ஒன்பது வருஷத்தில் திட்டில்லாமல் உங்களிடமிருந்து வந்த ஒரே கடிதம் நவம்பர் மூன்றாம் தேதியிட்டது. 'தங்கள் முயற்சிக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்' என்ற இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சர்புவுக்குத் தெரியும், அவள் எழுதி உங்களுக்கும் தெரியும். அந்தக் கடிதத்தை மடித்து ஆணி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். வெட்கமாக இருந்தது. அதனால்தான் ஒரு மாதம் பதில் எழுதவில்லை.

டிசம்பர் கடிதத்தில் மறுபடி திட்டியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றைக்குத் தூக்குச்சட்டி எடுக்காமல் போனேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு கேட்டேன். சர்பு போட்டாள். என் தலையிலிருந்து மரத்தூளைத் தட்டிவிட்டு, "ரெக்கார்டு ரூம் தூசி" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் அழுதாள், நானும்தான்.

இனி அப்படி மரியாதையாக ஒரு கடிதம் எழுதாதீர்கள், மச்சான். என்னால் தாங்க முடியாது.

தங்கள்,
கிபாயத்துல்லா

அண்ணே, இது என் இரண்டு வரி. திட்டச் சொன்னேனே, உங்களுக்கு அதுகூடச் சரியாகச் செய்ய வரவில்லையா? — சர்பு.


786
கோடைக்கானல்
2-1-1962

மாப்பிள்ளை கிபாயத்துல்லாவுக்கு, சலாம். நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை.

புத்தி இருக்கிறதா உங்களுக்கு? வேலை போனால் வீட்டில் சொல்ல வேண்டியதுதானே? ஐந்து மாதம் சட்டையை மடித்து வைத்து ஆணி அடித்தீர்களே, அது என்ன திருட்டா? நவம்பர் மூன்றாம் தேதி அந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் நான் மூன்று தாளைக் கிழித்தேன். திட்டலாம் என்று பேனாவை எடுத்தால் பனியனோடு நிற்கிற நீங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தீர்கள். எனக்குத் திட்டு வராமல் செய்த ஒரே ஆள் நீங்கள். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

வேலப்பனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வெள்ளம் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, "அடைச்சே அனுப்பியிருந்தா தண்ணி உள்ள நின்னு, பலகை ஊறி, பூண்டு போயிருக்கும் போலயே ராவுத்தரே" என்றார். இதுதான் அவர் இந்த ஜன்மத்தில் ஒப்புக்கொண்ட முதல் தவறு. அடுத்த மூச்சில், "ஆனா எலிக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்க" என்றார். பண்ணுங்கள். சந்துக்குக் கம்பிவலை வைத்த கதவா, என்ன எழவோ, தந்தம் வருகிறபோது திறக்கிற மாதிரி யோசியுங்கள். இல்லாவிட்டால் அவர் மறுபடி ஆணியோடு வந்துவிடுவார்.

நூறு மூட்டைக்கு இருபது பேலட். அதற்கு மேல் நாற்பது. அது கப்பலுக்கு இல்லை. எங்கள் குடோன் தரை மழைக்காலமெல்லாம் வேர்த்து அடிமூட்டை அழுகுவது இத்தனை வருஷமாக நடக்கிறது. அதற்கு ஒரு பலகை போட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, பொன்னுச்சாமிக்கும் தோன்றவில்லை. நாயுடுபுரத்து உருளைக்கிழங்குக் குடோன்காரரும் கேட்கிறார். தயவுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்தால் உதைப்பேன். பாதிப் பேலட்டில் கருவாடு நாறினால் அத்தனையையும் திருப்பி அனுப்புவேன். மண்டையோடு ஒன்று வந்தாலும் உறவு முறிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உறையின் மேல் என்ன விலாசம் எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள். 'கிபாயத்துல்லா, பேலட் வியாபாரம், உப்பளம் ரோடு' என்று எழுதியிருக்கிறேன். தபால்காரர் இப்படி ஒரு ஆளே இல்லை என்று திருப்பிவிட்டால் அது என் தப்பில்லை. வியாபாரம் என்று ஆரம்பித்து ஐந்து மாதமாகிறது, வாசலில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லையாமே, சர்பு தனியாக எழுதியிருக்கிறாள். நாளைக்கே ஒரு பலகையை எடுத்து, உங்கள் அச்சு மாதிரி கையெழுத்தில் பெரிதாகப் பெயரை எழுதி மாட்டுங்கள். பழைய பலகையாக இருந்தாலும் பரவாயில்லை. மீன் நாற்றம் மட்டும் வேண்டாம்.

ஜலாலுதீன்